22 ஆண்டுகள் பிந்திய சான்றிதழ்: மிருக வைத்தியர் அலீன் கஸ்டின் வாழ்க்கை

என் சித்தியின் மகள் இங்கிலாந்தில் மிருக வைத்தியத் தாதியாவதற்குப் படிக்கிறாள். பகலில் ஒரு மிருக வைத்திய நிலையத்தில் வேலை, பிள்ளைகள் உறங்கிய பிறகு படிப்பு. எங்களுக்கு விடிகிற நேரத்தில் அவளுடைய குரல் பதிவுகள் என் தொலைபேசியில் வந்து கிடக்கும். நாய்க்கு விலா எலும்புகள் எத்தனை சோடி, பூனையின் சிறுநீரகம் எந்த இடத்தில் கைக்குத் தட்டுப்படும், குதிரைக்கு ஏன் பித்தப்பை இல்லை என்று பாடமாக்கிக்கொண்டே போவாள். ஆங்கிலத்தில் படித்ததைத் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்த்தால்தான் தலைக்குள் நிற்கிறதாம். சொல் தெரியாத இடத்தில் என்னைக் கேட்பாள். நான் படித்தது ஊடகக் கற்கை. எனக்கும் தெரியாது. பழைய உயர்தர உயிரியல் புத்தகத்தைத் தேடி எடுத்துப் பார்த்துச் சொல்வேன்.

அதே பாடத்தை 2009இல் எழுதவேண்டிய உயர்தரப் பரீட்சைக்காக அவள் படித்தவள். வன்னிக்குள் ஒவ்வொரு இடமாக இடம்பெயர்ந்தபோது குறிப்புக் கொப்பிகளும் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டன. பரீட்சை வந்த நேரத்தில் செல் துண்டு பட்ட தாயோடு வைத்தியசாலையில் நின்றாள். எழுதவில்லை. அடுத்த வருடமும் எழுதவில்லை. பிறகு கலியாணம், பயணம், கடை வேலை. முப்பது வயது கடந்த பிறகுதான் திரும்பவும் உயிரியல் புத்தகத்தைத் திறந்திருக்கிறாள்.

சில மாதங்களுக்கு முன்பு அவள் ஒரு பெயரை அனுப்பி, இந்தப் பெண்ணைப் பற்றித் தேடி வாசியுங்கள் அக்கா என்றாள். பிரித்தானியாவினதும் அயர்லாந்தினதும் முதல் பெண் மிருக வைத்தியர் அலீன் கஸ்ட். படிப்பை முடித்தது 1900இல். சான்றிதழ் கிடைத்தது 1922இல். இடையில் போன 22 ஆண்டுகளும் அவர் அந்தத் தொழிலைச் செய்துகொண்டுதான் இருந்தார். வாசித்து முடித்தபோது, இது எங்களில் பலருக்குத் தெரிந்திருக்க வேண்டிய வாழ்க்கை என்று எனக்குத் தோன்றியது.

பெரிய வீட்டுப் பிள்ளை

அலீன் கஸ்ட் 1868 பெப்ரவரி 7ஆம் திகதி அயர்லாந்தின் திப்பெரரிப் பகுதியில் பிறந்தார். அப்போது அயர்லாந்து முழுவதும் பிரித்தானிய ஆட்சியின் கீழ் இருந்தது. தந்தை சேர் லியோபோல்ட் கஸ்ட் ஒரு பெரிய காணி உடைமையின் முகவர். குத்தகைக்காரர்களிடமிருந்து வாடகை அறவிடுவது அவருடைய வேலை. அயர்லாந்தின் ஏழை விவசாயிகளுக்குக் காணி முகவர் என்றால் யார் என்பதை இங்கே விளக்கத் தேவையில்லை. அலீன் பிறந்தது அதிகாரத்தின் பக்கத்தில் இருந்த வீட்டில். இதைச் சொல்லாமல் அவருடைய போராட்டத்தை மட்டும் சொன்னால் கதை பாதிதான்.

அவருக்குப் பத்து வயதானபோது, 1878இல், தந்தை இறந்தார். குடும்பம் இங்கிலாந்துக்குப் போனது. சிறுவயதிலிருந்தே குதிரைகளோடும் நாய்களோடும் வளர்ந்த பிள்ளை, மிருக வைத்தியராக வேண்டும் என்ற எண்ணத்தை விடவில்லை. அவருடைய பாதுகாவலராக இருந்த விட்ரிங்டன் என்ற இராணுவ அதிகாரி அதற்கு ஊக்கம் கொடுத்தார். குடும்பத்துக்கோ அது வெட்கக்கேடு. மேட்டுக்குடிப் பெண் ஒருத்தி தொழில் செய்வதே குறைவு, அதிலும் மாட்டுத் தொழுவத்தில் கைவைக்கும் தொழில் என்றால் சொல்லவேண்டியதில்லை.

முதலில் அவர் போனது தாதியப் பயிற்சிக்கு. லண்டன் வைத்தியசாலையில் சேர்ந்தார். அந்தக் காலத்தில் ஒரு பெண் நோயாளியின் உடலைத் தொட்டுக் கற்றுக்கொள்வதற்கு இருந்த மரியாதையான வழி அதுதான். ஆனால் அங்கே அவர் நிலைக்கவில்லை. மனிதர்களைப் பராமரிப்பதை விட்டு, தான் தொடக்கத்திலிருந்து விரும்பியதையே தேடிப் போனார். தாதியாகத் தொடங்கி மிருக வைத்தியரானவர் என்பதுதான் தங்கச்சிக்கு அவர்மேல் ஒரு சொந்தம் வரக் காரணம் என்று நினைக்கிறேன்.

பெயரை மாற்றிப் போன வகுப்பறை

1894இல் அலீன், ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரிலிருந்த புதிய மிருக வைத்தியக் கல்லூரியில் சேர்ந்தார். அப்போது வயது 26. கல்லூரியின் அதிபர் வில்லியம் வில்லியம்ஸ் ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொள்ளத் துணிந்தவர். ஆனாலும் பதிவேட்டில் அலீன் கஸ்ட் என்ற பெயர் இல்லை. குடும்பத்துக்கு அவமானம் வராதபடி கஸ்டன்ஸ் என்ற பெயரில் பதிந்துகொண்டார்.

பெயரை மாற்றிக்கொண்டு வாழ்வது என்ன என்று எங்களுக்குத் தெரியும். சோதனைச் சாவடிக்காக, பதிவுக்காக, உயிருக்காக மாற்றியவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். அலீனுக்கு உயிராபத்து இருக்கவில்லை. ஆனால் தன் பெயரில் தன் படிப்பைப் படிக்க முடியவில்லை.

அந்த வகுப்பறையில் கற்றுக்கொள்ள என்ன இருந்தது? இங்கே தங்கச்சியின் குரல் பதிவுகள் எனக்கு உதவின. நூற்றுச் சொச்சம் ஆண்டுகள் கழிந்தாலும் குதிரையின் எலும்பும் மாட்டின் வயிறும் மாறவில்லை. இரண்டு பாடங்கள்தான் எல்லாவற்றுக்கும் அத்திவாரம். உடலமைப்பியல், எது எங்கே இருக்கிறது என்று சொல்கிறது. உடற்றொழிலியல், அது என்ன செய்கிறது என்று சொல்கிறது.

அன்றைய பிரித்தானிய மிருக வைத்தியக் கல்வியில் முதலிடம் குதிரைக்கு. வண்டியும் ஏரும் படையும் குதிரையை நம்பியிருந்த காலம் அது. குதிரையின் முன்காலில் முழங்கால் என்று நாம் நினைக்கும் இடம் உண்மையில் அதன் மணிக்கட்டு. பின்காலில் பின்னோக்கித் துருத்திக்கொண்டு நிற்கும் மூட்டு, அதன் கணுக்கால். குதிரை நடப்பது ஒரேயொரு விரலில். குளம்பு அந்த விரலின் நகம். இதைத் தெரிந்துகொண்டால்தான் நொண்டுகிற குதிரையின் காலில் எங்கே கையை வைப்பது என்று தெரியும். குதிரையால் வாந்தியெடுக்க முடியாது. உள்ளே போனது கீழ்வழியாகத்தான் போகவேண்டும். ஆகவே குடல் முறுகினாலோ அடைத்தாலோ அதற்குத் தப்ப வழி குறைவு. வயிற்றின் பக்கத்தில் காதை வைத்துக் குடலின் சத்தத்தைக் கேட்பார்கள். சத்தம் இல்லாவிட்டால்தான் பயம். ஓய்வாக நிற்கும் குதிரையின் இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 28 முதல் 44 தடவைதான் துடிக்கும். மனிதக் கணக்கை வைத்துக்கொண்டு குதிரையைப் பார்த்தால், சுகமான குதிரைக்கு வைத்தியம் செய்து நோயுற்றதை விட்டுவிட நேரும்.

மாட்டுக்கு வேறு கணக்கு. நான்கு அறைகள் கொண்ட வயிறு. அதில் பெரியது வயிற்றின் இடப்பக்கத்தில் இருக்கிறது. வளர்ந்த மாட்டில் 100 லீற்றருக்கு மேல் கொள்ளும். அங்கேதான் புல் நொதித்து, பிறகு இரைமீட்கப்படுகிறது. நொதிக்கும்போது வருகிற வாயு ஏப்பமாக வெளியேறவேண்டும். அது அடைபட்டால் வயிறு ஊதி, சுவாசப்பையை நெருக்கி, மாடு மூச்சுத்திணறிச் சாகும். அவசரத்துக்கு இடப்பக்க விலாவுக்குப் பின்னாலுள்ள குழியில் குழாய் ஏற்றி வாயுவை விடுவார்கள். வலப்பக்கத்தில் ஏற்றினால் மாடு தப்பாது. இடமா வலமா என்பது புத்தகத்தில் ஒரு வரி. தொழுவத்தில் அது ஒரு குடும்பத்தின் வருமானம்.

அலீன் இவற்றை நன்றாகவே கற்றார். விலங்கியலில் தங்கப்பதக்கம் பெற்றார். கல்லூரிக்குள் அவருடைய தகுதி பற்றிக் கேள்வி எழவில்லை. கேள்வி வெளியிலிருந்து வந்தது.

அனுமதிக்கப்படாத பரீட்சை

பிரித்தானியாவில் மிருக வைத்தியப் படிப்பைக் கல்லூரிகள் கற்பித்தாலும், பரீட்சை நடத்தி உறுப்புரிமை வழங்கும் அதிகாரம் 1844இல் அரச பட்டயத்தால் நிறுவப்பட்ட மிருக வைத்தியர்களின் றோயல் கல்லூரியிடம் இருந்தது. 1881இன் சட்டம் ஒன்றின்படி அதன் பதிவேட்டில் இல்லாதவர் தன்னை மிருக வைத்தியர் என்று அழைத்துக்கொள்ள முடியாது. 1897இல் அலீன் அந்தத் தொழில்முறைப் பரீட்சைக்குத் தோற்ற விண்ணப்பித்தபோது அவர்கள் மறுத்தார்கள். பெண் என்பதைத் தவிர வேறு குறை அவரிடம் இருக்கவில்லை.

அவர் எடின்பரோவின் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். நீதிமன்றம் வழக்கின் உள்ளே போகவேயில்லை. றோயல் கல்லூரியின் இருப்பிடம் லண்டன், ஸ்கொட்லாந்து நீதிமன்றத்துக்கு அதன்மேல் நியாயாதிக்கம் இல்லை என்று சொல்லி முடித்துவிட்டது. சரியா பிழையா என்று ஒருவரும் தீர்ப்புச் சொல்லாமலே ஒரு வாழ்க்கையின் கதவு மூடப்பட்டது. இந்த அலுவலகம் இல்லை அந்த அலுவலகம், இந்த மாவட்டம் இல்லை அந்த மாவட்டம் என்று காணாமற்போனவர்களின் கோப்போடும் காணி உறுதியோடும் அலைந்தவர்களுக்கு இந்தப் பதில் புதிதில்லை.

லண்டனில் திரும்பவும் வழக்குப் போட்டிருக்கலாம். அலீன் போடவில்லை. குடும்பப் பெயர் நீதிமன்றத்திலும் பத்திரிகைகளிலும் இழுபடுவதை அவருடைய வீட்டார் விரும்பியிருக்கமாட்டார்கள். ஆனால் அவர் வீட்டுக்குத் திரும்பிப் போகவும் இல்லை. பரீட்சை எழுத முடியாது என்று தெரிந்துகொண்டே வகுப்புகளுக்குப் போனார். 1900இல் படிப்பு முடிந்தது. பட்டயத்துக்குப் பதிலாக அதிபர் வில்லியம்ஸ் தன் கையால் எழுதிக் கொடுத்த நற்சான்றுக் கடிதம்தான் அவரிடம் இருந்தது.

நான் திரும்பத் திரும்ப நின்ற இடம் இதுதான். சான்றிதழ் வராது என்று தெரிந்த பிறகும் ஒருவர் ஏன் இன்னும் மூன்று வருடம் படிக்கவேண்டும்? தங்கச்சியிடம் கேட்டேன். அவளுக்கு அது கேள்வியாகவே படவில்லை. பாதியில் விட்டால் மாட்டின் பாதி உடம்புதான் தெரியும், மற்றப் பாதி நோகும்போது என்ன செய்வது என்றாள்.

ரொஸ்கொமன் தெருக்களில்

சட்டத்தில் ஒரு வழி திறந்திருந்தது. பதிவில்லாதவர் மிருக வைத்தியர் என்ற பட்டப்பெயரைப் பாவிக்கக்கூடாது. ஆனால் மிருகங்களுக்கு வைத்தியம் செய்வதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை. அந்தத் தடை 1948இல்தான் வந்தது. வில்லியம்ஸின் சிபாரிசோடு அலீன் அயர்லாந்துக்குத் திரும்பி, ரொஸ்கொமன் மாவட்டத்தில் தொழில் நடத்திய வில்லியம் பேர்ன் என்ற மிருக வைத்தியரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். பேர்ன், பெண்களின் உரிமை பற்றி அன்றைய காலத்துக்கு முந்திய கருத்துக் கொண்டவர். புதிய உதவியாளரைத் தயங்காமல் வேலைக்கு அனுப்பினார்.

அயர்லாந்தின் மேற்கு ஏழ்மையான பகுதி. கல் நிறைந்த நிலம், சிறு காணிகள், ஒன்றிரண்டு பசுக்கள். முன்பு அவருடைய தந்தை போன்றவர்கள் வாடகை கேட்டுப் போன அதேவகை வீடுகளுக்கு, மகள் இரவில் கன்று ஈனமாட்டாமல் தவிக்கும் பசுவைப் பார்க்கப் போனார். ஒரு பசு செத்தால் அந்த வீட்டின் பாலும் போகும், வாடகைக் காசும் போகும். அப்படியான வீட்டில் வாசலுக்கு வந்தவர் ஆணா பெண்ணா, பதிவேட்டில் பெயர் உண்டா இல்லையா என்று எவ்வளவு நேரம் யோசிப்பார்கள்? கன்றின் தலை எந்தப் பக்கம் திரும்பிக் கிடக்கிறது என்று கைவிட்டுப் பார்க்கத் தெரிந்தவரா என்றுதான் பார்ப்பார்கள்.

அறிவியலும் அப்போது மாறிக்கொண்டிருந்தது. கன்று ஈன்றவுடன் பசு விழுந்து, எழும்பமாட்டாமல் சாகும் பாற்காய்ச்சல் என்ற நோய் உண்டு. பெயர்தான் காய்ச்சல், உடம்பு சூடாகாது. 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் டென்மார்க்கில், மடிக்குள் காற்றை ஏற்றினால் விழுந்த பசு எழும்பிவிடுகிறது என்று கண்டுபிடித்தார்கள். ஏன் எழும்புகிறது என்று அப்போது தெரியாது. பால் சுரக்கத் தொடங்கும்போது இரத்தத்திலுள்ள கல்சியம் திடீரெனக் குறைவதுதான் காரணம் என்பதை 1925இல் எடின்பரோவில் இருந்த இரண்டு ஆய்வாளர்கள் எடுத்துச் சொன்னார்கள். இன்று கல்சியம் ஊசி போடுகிறார்கள். உடற்றொழிலியல் எதற்கு என்று கேட்பவர்களுக்குத் தங்கச்சி சொல்லும் உதாரணம் இது.

சில ஆண்டுகளில் அலீனின் வேலை பக்கத்து கோல்வே மாவட்டத்துக்கும் தெரியவந்தது. கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டங்களின் கீழ் மிருக வைத்தியப் பரிசோதகர் பதவிக்கு மாவட்டச் சபை அவரைத் தெரிவுசெய்தது. றோயல் கல்லூரி எதிர்த்தது. பதிவில்லாத ஒருவரை இந்தப் பதவியில் எப்படி வைக்கலாம் என்பது அவர்கள் கேள்வி. சபை அவரை விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் ஒரு சமரசம் வந்தது. பதவிப் பெயரிலிருந்து மிருக வைத்தியம் என்ற சொல்லை எடுத்துவிட்டு வெறும் பரிசோதகர் என்று வைத்தார்கள். வேலை அதே வேலை. ஆளும் அதே ஆள்.

1910இல் பேர்ன் இறந்தார். அலீன் தொழிலைத் தானே பொறுப்பேற்று நடத்தினார். சட்டத்தின் கண்ணில் அவர் இன்னமும் ஒரு வைத்தியர் இல்லை.

போரின் குதிரைகள்

முதலாம் உலகப் போர் 1914இல் தொடங்கியது. 1915இல் அலீன் தன் சொந்தக் காரை ஓட்டிக்கொண்டு பிரான்சுக்குப் போனார். படையின் மிருக வைத்தியப் பிரிவில் சேரப் பதிவு வேண்டும், அவருக்கு அது இல்லை. ஆகவே கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தின் தொண்டராகப் போய், படையின் குதிரை வைத்தியசாலைகள் இருந்த அப்வீல் நகருக்கு அருகில் தங்கி, காயப்பட்ட குதிரைகளுக்கு உதவினார்.

அந்தப் போரில் பிரித்தானியப் படை மட்டும் ஏறத்தாழ 484,000 குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் இழந்தது. செல்லும் குண்டும் கொன்றவற்றைவிடக் குளிர், சேறு, பசி, சொறி, களைப்பு ஆகியவற்றால் செத்தவை மிக அதிகம். வெடிமருந்துப் பெட்டிகளின் பலகையைப் படையினர் அடுப்பெரித்தார்கள். சாம்பலில் கிடந்த ஆணிகள் வீதியில் சிதறி, நடந்துபோன குதிரைகளின் குளம்புக்குள் ஏறின. குளம்பின் அடி மெத்தென்ற பாகத்தைத் துளைத்து உள் எலும்பைத் தொட்டால் சீழ் பிடித்து அந்தக் கால் போய்விடும். எந்த ஆழத்தில் எது இருக்கிறது என்று தெரிந்த கைதான் அந்த ஆணியை எடுக்கவேண்டும்.

போரின் பிற்பகுதியில் அவர் பெண்கள் துணைப்படையில் சேர்க்கப்பட்டு மிருக வைத்தியசாலை ஒன்றின் நுண்ணுயிர் ஆய்வுகூடத்தில் வேலை செய்தார். போர் நெருக்கிய நேரத்தில், பரீட்சை எழுத விடாத அதே நாட்டுக்கு அவருடைய அறிவு தேவைப்பட்டது.

இந்தப் பகுதியை வாசித்தபோது எனக்கு அம்மம்மாவின் மாடுகள் நினைவுக்கு வந்தன. கடைசியாக வீட்டை விட்டுப் புறப்பட்ட நாளில் அம்மம்மா கயிற்றை அவிழ்த்து, கழுத்து மணியையும் கழற்றிவிட்டார். கட்டிவிட்டுப் போனால் கட்டின இடத்திலேயே செத்துவிடும், அவிழ்த்துவிட்டால் தண்ணியாவது தேடிக் குடிக்கும் என்பது அவருடைய கணக்கு. நாகு ஒன்று கொஞ்சத் தூரம் எங்கள் உழவு இயந்திரத்தின் பின்னால் வந்தது. பலருக்கு இப்படி ஒரு நினைவு இருக்கும். மனிதர்களையே எண்ணி முடிக்காத போரில் மாடுகளை யார் எண்ணினார்கள்? ஆனால் தங்கச்சி அந்த நாகை மறக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்தபோது ஏன் இந்தத் துறை என்று கேட்டவர்களுக்கு அவள் அதைச் சொல்லவில்லை. என்னிடம் சொன்னாள்.

54 வயதில் ஒரு பரீட்சை

போர் முடிந்தது. 1919இல் பிரித்தானிய நாடாளுமன்றம், பெண் என்பதற்காக ஒருவரைத் தொழில்களிலிருந்து விலக்கிவைக்கக்கூடாது என்ற சட்டத்தை நிறைவேற்றியது. றோயல் கல்லூரி தன் கதவைத் திறப்பதைத் தவிர வேறு வழியில்லை. 1922இல் அலீன் திரும்பவும் விண்ணப்பித்தார். அவருடைய நீண்ட அனுபவத்தைக் கருத்தில்கொண்டு இறுதிப் பரீட்சைக்கு மட்டும் தோற்ற அனுமதித்தார்கள். சித்தியடைந்தார். 1922 டிசெம்பர் 21ஆம் திகதி, றோயல் கல்லூரியின் தலைவர் ஹென்றி சம்னர் அவரிடம் பட்டயத்தைக் கையளித்தார். அப்போது அவருக்கு வயது 54. பரீட்சை மறுக்கப்பட்டு 25 ஆண்டுகள், படிப்பு முடிந்து 22 ஆண்டுகள்.

அந்த நாளில் அவர் தொழில் செய்த அயர்லாந்து உள்நாட்டுப் போருக்குள் இருந்தது. 1924 அளவில் தொழிலை விற்றுவிட்டு இங்கிலாந்தின் தெற்கிலுள்ள ஹம்ப்ஷயர் கிராமம் ஒன்றில் குடியேறினார். சான்றிதழோடு அவர் தொழில் செய்தது இரண்டு வருடங்கள் வரைதான். பிறகு நாய்கள் வளர்த்தார். 1937 ஜனவரி 29ஆம் திகதி, நண்பர்களைப் பார்க்கப் போயிருந்த யமெய்க்காவில் காலமானார். மிருக வைத்திய ஆராய்ச்சிக்கான புலமைப்பரிசிலுக்காக, தனக்கு 25 ஆண்டுகள் கதவை மூடிவைத்திருந்த அதே றோயல் கல்லூரிக்குப் பணம் எழுதிவைத்திருந்தார்.

அவருக்கு அடுத்து அதிக காலம் போகவில்லை. 1923இல் லிவர்பூலில் படித்த எடித் நைட் என்ற பெண், வழமையான முறையில் பரீட்சை எழுதி மிருக வைத்தியரானார். அலீன் படித்த எடின்பரோக் கல்லூரிதான் 1904இல் லிவர்பூலுக்கு இடம்மாறியிருந்தது.

பட்டமில்லாத கைகள்

இந்த வாழ்க்கையை விடாமுயற்சிக்கு ஓர் உதாரணமாகச் சொல்லி முடித்துவிடலாம். பாடசாலைப் பேச்சுப்போட்டிக்கு அது போதும். எனக்குப் போதவில்லை.

அலீனால் 22 ஆண்டுகள் காத்திருக்க முடிந்தது. அவருக்குக் குடும்பப் பின்னணி இருந்தது, பாதுகாவலர் இருந்தார், அதிபர் இருந்தார், வேலை கொடுத்த பேர்ன் இருந்தார். அவ்வளவும் இருந்தும் வாழ்நாளின் வேலைக்காலம் முழுவதும் பெயரில்லாமல் போனது. அதில் ஒன்றுகூட இல்லாத எத்தனை பெண்கள் முதல் மறுப்போடு வீட்டுக்குப் போயிருப்பார்கள்? அவர்களின் வாழ்க்கையை எழுத எவரிடமும் ஒரு கடிதமும் இல்லை. பிந்திக் கிடைத்த நீதியைப் புகழும்போது இதையும் நினைக்கவேண்டும்.

எங்களிடமும் அப்படியானவர்கள் இருக்கிறார்கள். போர்க்கால வன்னியில் மருத்துவமும் தாதியமும் பழகி, பதுங்குகுழி வெளிச்சத்தில் காயம் தைத்தவர்கள், இன்று அந்த அறிவைப் பற்றிச் சொல்லவே அஞ்சுகிறார்கள். எங்கே கற்றீர்கள் என்ற அடுத்த கேள்விக்கு அவர்களால் பதில் சொல்ல முடியாது. ஆண்டுக்கணக்கில் தொண்டராகக் கற்பித்த ஆசிரியர்கள், தகைமை போதாது என்று சொல்லப்பட்டு வீட்டில் இருக்கிறார்கள். உயர்தரத்தை எழுதவேண்டிய வருடத்தில் பிணங்களைக் கடந்து நடந்தவர்களுக்கு, வயது கடந்துவிட்டது என்ற பதில் கிடைக்கிறது. தாள் இல்லாவிட்டாலும் அறிவு இருக்கும் என்பதற்கு அலீன் சாட்சி. அறிவு இருந்தாலும் தாள் வேண்டும் என்பதற்கும் அவரே சாட்சி. அது வேண்டாம் என்று நினைத்திருந்தால் 54 வயதில் பரீட்சை மண்டபத்துக்கு ஏன் போனார்?

தங்கச்சி படிக்கிற தொழிலுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. பிரித்தானியாவில் மிருக வைத்தியரின் அருகில் நின்று வேலைசெய்த பெண்களுக்கான முறையான பயிற்சி 1961இல்தான் தொடங்கியது. அப்போதும் தாதி என்ற பெயரை அவர்களுக்குக் கொடுக்கவில்லை. அது மனிதர்களைப் பராமரிப்பவர்களுக்கு மட்டும் உரிய பெயர் என்று சட்டம் இருந்தது. உதவியாளர் என்றே அழைக்கப்பட்டார்கள். மிருக வைத்தியத் தாதி என்ற பெயர் 1984இல் வந்தது. மயக்கத்தில் கிடக்கும் நாயின் நாடியை எண்ணிக்கொண்டு நின்றவர்கள் அதற்கு முன்பும் இவர்கள்தான்.

அவளுக்கு உடலமைப்பியல், உடற்றொழிலியல் பரீட்சை அடுத்த மாதம். போன கிழமை வந்த குரல் பதிவில் பசுவின் பிரசவம் படித்துக்கொண்டிருந்தாள். கன்று விழுந்த பிறகு 12 மணித்தியாலங்களுக்குள் வெளியே வரவேண்டியது, வராவிட்டால் வைத்தியரைக் கூப்பிடவேண்டியது, அதற்குத் தமிழில் என்ன அக்கா என்று கேட்டிருந்தாள். நான் புத்தகத்தை எடுப்பதற்குள் இரண்டாவது பதிவு வந்தது. தனக்கு ஞாபகம் வந்துவிட்டதாம். இளங்கொடி. அது விழும்வரைக்கும் அம்மம்மா இரவிரவாக அரிக்கன் லாம்போடு தொழுவத்தில் இருப்பார். பசு அதைத் தின்றுவிடாதபடி பார்த்து, பழைய உமலுக்குள் போட்டு, விடிந்ததும் ஆலமரத்தில் கட்டுவிப்பார். எத்தனை மணித்தியாலம் பிந்தினால் பயப்படவேண்டும் என்று அவருக்கும் தெரிந்திருந்தது.